அருகில் அமர்ந்தவர்

"வண்டியை நான் ஓட்டவில்லை, சாமி, பையன்தான் ஓட்டினான். அப்படியிருக்க என் மனம் ஏன் உறுத்துகிறது?"

ஞாயிறு திருப்பலி முடிந்தபின் பங்கு இல்லத் திண்ணையில் ஒருவர் கேட்ட கேள்வி இது. (ஒப்புரவில் கேட்டதன்று, எழுத அவர் இசைவும் உண்டு.) பழகுநர் உரிமம் பெற்ற மகன் காரோட்ட, இவர் இடப்பக்கம் அமர்ந்திருந்தார். கைபேசி ஒலித்தது, பேச்சில் ஆழ்ந்தார். அவ்வேளையில் கார் மிதிவண்டியில் வந்த ஒருவர்மீது மோதிற்று. அவருக்குக் கையெலும்பு முறிந்தது.

1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளுள் மூன்றாம் விதி, பழகுநர் தனியே ஓட்டலாகாது என்கிறது. உடனிருப்பவர் அவ்வண்டியை ஓட்டுவதற்கு நடப்பிலுள்ள உரிமம் உடையவராதல் வேண்டும். வண்டியைக் கட்டுப்படுத்தவோ நிறுத்தவோ இயலும் நிலையில் அமர்ந்திருத்தலும் வேண்டும். வண்டியின் முன்னும் பின்னும் வெள்ளைப் பரப்பில் சிவப்பு 'எல்' எழுத்தும் வேண்டும். நம்மவர் நினைவில் நிற்பது இந்த எழுத்து மட்டுமே. கடையில் வாங்கி ஒட்டிவிட்டால் சட்டம் நிறைவேறிற்று என எண்ணுகிறோம். அவ்வெழுத்து எச்சரிப்பது பிறரை; விதியின் உயிரோ அருகிலுள்ள இருக்கையில் இருக்கிறது.

'இயலும் நிலை' என்பதைச் சற்று எண்ணிப் பாருங்கள். ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியின் காரில் ஆசிரியரின் காலடியில் இன்னொரு பிரேக் இருக்கும். வீட்டுக் காரில் அஃதில்லை. கைப்பிரேக்கும், "நிறுத்து" எனச் சொல்லும் நாவும், யாவற்றிற்கும் முன்பாகச் சாலையில் பதிந்த கண்ணுமே அங்கு உண்டு. கண் விலகிய கணத்தில், உடல் அங்கிருந்தும் விதி கேட்கும் நிலையில் அவர் இல்லை. (இருசக்கர வண்டியில் பின்னால் அமர்ந்தவர் எவ்வாறு நிறுத்துவார் என்பது எனக்கு இன்றளவும் விளங்கவில்லை.)

புனித தோமா அக்குவினா தம் 'இறையியல் தொகுப்பில்' செய்யாமையை ஆராய்கையில் மாலுமியைச் சுட்டுகிறார். சுக்கானைக் கைவிட்டதால் கப்பல் மூழ்குமாயின் அது அவரையே சாரும். ஆனால் இரண்டு நிபந்தனைகள்: செயல்பட அவரால் இயன்றிருக்க வேண்டும், செயல்படக் கடமைப்பட்டும் இருக்க வேண்டும். தெருவோரம் நின்று பார்த்தவருக்கு இவ்விரண்டும் இல்லை. அந்த இருக்கையில் அமர இசைந்த தந்தையோ இரண்டையும் ஏற்றுக்கொண்டவர். திருப்பலித் தொடக்கத்தில் நாம் அறிக்கையிடும் பாவங்களுள் கடமையில் தவறியவையும் உண்டல்லவா?

அப்படியானால் மகன் குற்றமற்றவனா? அல்லன். பொறுப்பு என்பது பங்கிடப் பங்கிடக் குறையும் அப்பமன்று. தந்தைக்குரியது மகனுடையதைக் கழிப்பதில்லை.

இவ்வளவும் கேட்டபின் அவர், "இனி அவனை ஸ்டியரிங்கைத் தொடவிட மாட்டேன்" என்றார். அதுவும் எனக்கு உடன்பாடன்று. பழகுநர் உரிமம் பெற்று 30 நாள் கழிந்த பின்னரே ஓட்டுநர் தேர்வு. உரிமமோ 6 மாதம் செல்லும். பழகவென்றே தரப்பட்ட காலம் அது. கைகளைப் பறித்துக்கொள்பவர் வண்டியைக் காப்பார். மகன் ஓட்டக் கற்கமாட்டான். விட்டுக்கொடுத்தும் விழித்திருப்பது கடினமே. நம் விடுதலையைப் பறிக்காமல் நம்மோடிருக்கும் இறைவனை எண்ணும்போது, பெற்றோர்க்கு இதனினும் எளிய வழியை என்னால் சொல்ல இயலவில்லை.

அவர் நெடுநேரம் பேசவில்லை. அடிபட்டவர் வீட்டிற்கு மகனை மட்டுமே அனுப்பியதாகப் பிறகு சொன்னார். மறுநாள் தாமும் உடன் செல்வதாகக் கூறி எழுந்தார்.