அலங்கத்தில் உன் பங்கு எங்கே?



இந்த மாதச் செய்தியை ஒரு பாவ அறிக்கையோடு தொடங்குகிறேன். 2023 ஆகஸ்ட் 15 அன்று நம் சபையில் உபவாச ஜெபம் நடந்தது. தெருக்குழாயில் மூன்று மாதமாகத் தண்ணீர் இல்லை. அதற்காகவும் முழங்காலில் நின்று கதறினோம். அதே நேரத்தில் பக்கத்துத் தெருவில் கிராம சபைக் கூட்டம். "அது உலகக் காரியம், நமக்கு அங்கே என்ன வேலை?" என்று பீடத்தில் நின்று சொன்னவன் நான்தான்.

மறுநாள் இடுப்பில் குடத்தோடு வந்த ஒரு அம்மா என்னை நிறுத்தினார்கள். "பாஸ்டரய்யா, கீழத்தெருக்காரங்க கூட்டமா வந்து குழாய் கேட்டாங்க, எழுதிக்கிட்டாங்க. நம்ம தெருவுக்கு நான் ஒருத்திதான் கத்தினேன். உங்க சபையில அறுபது பேரு இருந்தீங்களே, பத்துப் பேரு வரக்கூடாதா?"

அந்த அம்மா நம் சபைக்கு வருகிறவர்கள் அல்ல. ஆனாலும் கர்த்தர் அவர்கள் வாயினால் என்னோடு பேசினார். அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. நெகேமியாவின் புஸ்தகத்தைத் திறந்தேன்.

நெகேமியா அழுதான், உபவாசித்தான், மாதக்கணக்கில் ஜெபித்தான். அதோடு நின்றானா? ராஜா கேட்டபோது மனதிற்குள் ஜெபித்துக்கொண்டே மனுவையும் வைத்தான். வாசல்களுக்கு மரம் வேண்டும், அதற்குக் கடிதம் வேண்டும் என்று விவரமாகக் கேட்டான் (நெகே. 2:4-8). ஜெபம் மனுவைத் தடுக்கவில்லை, அதற்குத் தைரியம் கொடுத்தது!

மூன்றாம் அதிகாரத்தைப் பாருங்கள். ஆசாரியர்கள் கட்டினார்கள். தட்டானும் தைலக்காரனும் கட்டினார்கள். சல்லூமின் குமாரத்திகளும் கட்டினார்கள். பலர் தங்கள் வீட்டுக்கு எதிரே இருந்த பங்கையே கட்டினார்கள். தெக்கோவா ஊரின் பிரபுக்கள் மாத்திரம் கழுத்தைக் கொடுக்கவில்லை (3:5). அன்று ராத்திரி அந்தப் பிரபுக்களின் வரிசையில் என் முகத்தைக் கண்டேன்.

தேவபிள்ளையே, கிராம சபை என்பது தலைவரும் வார்டு உறுப்பினரும் மட்டும் அல்ல. வாக்காளர் பட்டியலில் பேர் உள்ள ஒவ்வொருவரும் அதன் உறுப்பினர். நம் தமிழ்நாட்டில் ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நாட்களோடு, மார்ச் 22, நவம்பர் 1 ஆகிய நாட்களும் 2022-ல் சேர்க்கப்பட்டன. அங்கே வரவு செலவைக் கேட்கலாம், தேவையைச் சொல்லலாம், தீர்மானமாக எழுதும்படி கேட்கலாம். எழுதினதை வாசித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள்.

2023 அக்டோபர் 2 அன்று 23 பேர் போனோம். அந்த அம்மாவை முன்னே பேச விட்டோம், நாங்கள் பின்னே நின்றோம். தீர்மானம் எழுதப்பட்டது. ஆனால் குழாய் உடனே வரவில்லை. 2024 ஜனவரி 26 அன்று மறுபடியும் போய் நினைப்பூட்டினோம். அதற்குப் பிறகுதான் தண்ணீர் வந்தது. ஸ்தோத்திரம்!

இதற்கிடையில் நம் வாலிபர்கள் நான்கு சனிக்கிழமை மண்வெட்டி எடுத்து, தூர்ந்துபோன வாய்க்காலைச் சுத்தம் செய்தார்கள். நாம் கைப்பிரதி கொடுத்தால் கதவைச் சாத்தின வீட்டார் மோர் கொண்டுவந்தார்கள்.

ஒரு எச்சரிக்கை. சபைக்குச் சலுகை தேட அங்கே போகாதீர்கள், கட்சி கட்டவும் போகாதீர்கள். தங்களைச் சிறைபிடித்த பட்டணத்தின் சமாதானத்தையும் தேடும்படி கர்த்தர் தம் ஜனத்துக்குச் சொன்னாரே (எரே. 29:7). நம்மோடு ஆராதிக்காதவன் வீட்டுக் குழாயும் நம் ஜெபக் குறிப்புதான்.

அடுத்த கூட்ட நாளில் உபவாச ஜெபத்தை அதிகாலையிலேயே முடிப்போம். முடித்துவிட்டு எல்லாரும் சேர்ந்து நடந்தே போவோம். உன் வீட்டுக்கு எதிரே இடிந்து கிடக்கிற பங்கு எது? அதைக் கர்த்தரிடம் கேள், எழுந்து கட்டு!

கர்த்தர் தாமே உங்களைப் பலப்படுத்துவாராக. ஆமென். அல்லேலூயா!