180க்குக் கீழே

நம் தலைக்கு மேலுள்ள ஓசோன் முழுவதையும் தரைமட்டக் காற்றழுத்தத்துக்கு இறக்கி விரித்தால், அதன் கனம் சுமார் 3 மில்லிமீட்டர்தான். ஒரு ரூபாய் நாணயம் இரண்டை அடுக்கி வைத்தால் ஏறக்குறைய அவ்வளவு வரும். அதையே 300 டாப்சன் அலகு என்கிறார்கள். புற ஊதாக் கதிரிலிருந்து நம் கண்ணையும் தோலையும் பயிரையும் காப்பது இவ்வளவு மெல்லிய போர்வை.

அதை அளக்க 1978 அக்டோபரில் நாசாவின் நிம்பஸ்-7 செயற்கைக்கோள் விண்ணில் ஏறியது. வளிமண்டலத்தில் பட்டுச் சிதறி மேலே திரும்பும் புற ஊதா ஒளியைக் கொண்டு, அதிலிருந்த டாம்ஸ் கருவி நாள்தோறும் கணக்கெடுத்தது. 1980களின் தொடக்கத்தில் அண்டார்டிக்காவின் அக்டோபர் அளவுகள் 180க்குக் கீழே இறங்கின. அவ்வளவு குறையாது என்ற எண்ணத்தில் முன்பே எழுதிவைத்த விதிப்படி, கணினி அவற்றுக்குச் சந்தேகக் குறி இட்டது. அந்த எண்கள் தூக்கியெறியப்பட்டதாகப் பின்னாளில் பரவிய கதை சரியல்ல. அவை பத்திரமாகவே இருந்தன. விஞ்ஞானிகள் தென்துருவத் தரைநிலையத்தின் அளவோடு ஒப்பிட்டும் பார்த்தார்கள். அந்தத் தரைநிலையக் கருவி தவறாக 300 என்று காட்டியது. தயக்கம் நீண்டது.

அதே கண்டத்தின் ஹாலி நிலையத்தில் பிரிட்டிஷ்காரர்கள் 1957 முதல் ஆண்டு தவறாமல் ஓசோனை அளந்துவந்தார்கள். எண் சரிந்தபோது ஜோசப் ஃபார்மன் கருவியைச் சந்தேகித்தார். புதியதை வரவழைத்து அளந்தார். அதுவும் அதையே சொன்னது. அவரும் சக ஆய்வாளர்களான கார்டினரும் ஷாங்க்லினும் 1985 மே மாதம் இதை ‘நேச்சர்’ இதழில் எழுதினார்கள். குறியிட்டுக் கிடந்த செயற்கைக்கோள் எண்களை நாசா வரைபடமாக்கியபோது, ஓசோன் ஓட்டை கண்டம் முழுவதையும் மூடி நின்றது. ஓசோனை அழிக்கும் பொருள்களைக் கட்டுப்படுத்த 1987இல் மாண்ட்ரியல் ஒப்பந்தம் கையெழுத்தானது.

வானிலிருந்த கண் பரப்பைக் காட்டியது. தரையிலிருந்த பொறுமை அதை நம்ப வைத்தது. இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் இன்னும் சில ஆண்டுகளை இழந்திருப்போம். எதிர்பாராத எண் வரும்போது அதற்குக் காது கொடுக்க, எதுவும் நடக்காத ஆண்டுகளிலும் எழுதிவைத்த கணக்கு வேண்டும்.

ஒப்பந்தத்தை இப்படியே கடைப்பிடித்தால், அண்டார்டிக்காவின் ஓசோன் 1980இன் நிலைக்குத் திரும்ப 2066 வாக்கில் ஆகும் என்பது அறிஞர்களின் மதிப்பீடு. ஓசோனை அளக்க 2004இல் ஏவிய ஆரா செயற்கைக்கோளுக்கு வயதாகிவிட்டது. அடுத்ததைத் தாமதமின்றி அனுப்புவதும், தரைநிலையங்களை மூடாமல் வைத்திருப்பதும் நம் கடமை. 2066இல் அந்த எண்ணைப் படிக்கப்போகிறவர் இன்று ஏதோ ஒரு பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்திருக்கிறார். ஒப்பிட்டுப் பார்க்க, அறுபடாத கணக்கை அவர் கையில் நாம் கொடுத்தாக வேண்டும்.