ஊசி யார் கையில் இருக்க வேண்டும்?

2008 ஏப்ரலில் திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மைத் தடுப்பூசி போட்டுக்கொண்ட நான்கு கைக்குழந்தைகள் இறந்துபோயின. ஊருக்குள் சென்று ஊசி போடுவதை அரசு நிறுத்தியது. ஆரம்ப சுகாதார நிலையத்தில், மருத்துவர் முன்னிலையில்தான் போட வேண்டும் என்றது. பதற்றம் நியாயம். முடிவு நியாயமன்று.

பயிற்சி பெற்ற கிராம சுகாதாரச் செவிலியர் ஊசி போடலாம்; அவர்தான் போட வேண்டும். தட்டம்மைப் பொடியை அதற்கென்று வந்த திரவத்தில் மட்டும் கரைப்பது, கரைத்த நேரத்தைக் குப்பியில் எழுதுவது, நான்கு மணி நேரம் தாண்டினால் மிச்சத்தை ஒதுக்கிவிடுவது, ஊசி போட்ட பிள்ளையை அரைமணி நேரம் அனுப்பாமல் வைத்திருப்பது: தவறு நுழையும் வாசல்கள் இவைதாம். இவற்றைக் காக்கப் பட்டத்தைவிடப் பழக்கம் உதவும். தடுப்பூசி நாளான புதன்கிழமைதோறும் இதே வேலையாக இருப்பவருக்கு அந்தப் பழக்கம் உண்டு.

வள்ளுவர் 'மருந்து' அதிகாரத்தை முடிக்கும்போது, நோயாளி, மருத்துவர், மருந்து இவற்றோடு உடனிருந்து பணி செய்பவரையும் சேர்த்தே மருத்துவத்தை நான்கு கூறாக்கினார். 'தெரிந்து வினையாடல்' வேலைக்குத் தக்கவரை அறிந்து வேலையை அவரிடமே விட்டுவிடச் சொல்கிறது. ஆராயாமல் நம்புவதும் நம்பியபின் ஐயப்படுவதும் தீராத துன்பம் என்கிறது 'தெரிந்து தெளிதல்'. அரசு செய்தது இரண்டாவது. திரிகடுகம், ஏலாதி, சிறுபஞ்சமூலம் என்று அறநூல்களுக்கே மருந்தின் பெயரைச் சூட்டிய மரபு, மருந்து வீட்டு வாசலுக்கு வருவதைத் தடுக்குமா?

தென்காசிப் பக்கம் ஆய்க்குடியைப் பாருங்கள். கழுத்துக்குக் கீழே செயலிழந்த எஸ். ராமகிருஷ்ணன் 1981இல் தொடங்கிய அமர் சேவா சங்கம், கிராமத்துப் பணியாளர்களுக்குப் பயிற்சி கொடுத்து, வல்லுநர் மேற்பார்வையில் குறைபாடுள்ள பிள்ளைகளின் வீட்டுக்கே அனுப்புகிறது. அதே வட்டாரத்தில் பீடி சுற்றும் தாய், ஊசிக்காகப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பேருந்து ஏறினால் அன்றைய கூலி போச்சு. அடுத்த தவணைக்கு அவர் வருவாரா?

தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, எல்லாத் தடுப்பூசியும் பெற்ற தமிழகக் குழந்தைகள் 2005-06இல் ஏறத்தாழ 81 விழுக்காடு, 2015-16இல் 70. அந்த ஒரு ஆணைமேல் முழுப் பழியையும் போட முடியாதுதான். அதற்குப் பங்கில்லை என்று யார் சொல்வது?

ஒவ்வாமை அதிர்ச்சி வந்தால் மருத்துவர் பக்கத்தில் வேண்டாமா என்பார்கள். வேண்டும், தொலைபேசியில் உடனே கிடைக்கவும் வேண்டும். அதுவரை உயிரைப் பிடித்து வைக்க அட்ரினலினும், அதைப் போடும் பயிற்சியும் செவிலியரிடம் இருக்கட்டும். தவறு நேர்ந்தால், தடுப்பூசிக் குளிர்பெட்டியைச் சோதிக்காத மேலதிகாரி தப்பித்துக்கொள்ள, கடைசியில் ஊசியைப் பிடித்தவர் மட்டும் பணியிடை நீக்கம் பெறுவது நடக்கக் கூடாது.