ஓய்வு யாருடையது?

அம்மா முப்பது வருஷம் பத்தாங் பெர்ஜுந்தை பக்கத்தில் ஒரு தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். சில வருஷங்களுக்கு முன் அவரை பிரேசர் மலைக்கு அழைத்துப் போனேன். கோல குபு பாரு தாண்டி, கேப் வழியாக ஏறினோம். ஜெரியாவ் அருவியில் கால் நனைத்தார். காட்டுப்பாதையில் நடந்தபோது ஒரு பெரிய மரத்தை உள்ளங்கையால் தடவிவிட்டு, "இங்க மரத்த யாரும் வெட்டுறதில்லையா?" என்று கேட்டார்.

பிறகு ஸ்மோக்ஹவுஸில் தேநீர். கல் சுவரும் பூந்தோட்டமுமாக இருக்கும் இந்த விடுதி, முதல் உலகப்போரில் இருந்து வந்த பிரிட்டிஷ் படைவீரர்கள் உடல் தேறுவதற்காக 1924இல் செஞ்சிலுவைச் சங்க இல்லமாகக் கட்டப்பட்டது.

வெப்பமண்டல வெயில் வெள்ளையர் உடம்புக்கு ஆகாது, மலைக்காற்றுதான் மருந்து என்பது அக்கால நம்பிக்கை. சிம்லா, ஊட்டி, நுவரெலியா எல்லாவற்றுக்குப் பின்னாலும் அது இருந்தது. கீழே அதே வெயிலில் நின்ற தமிழர் உடம்போ வெயிலுக்கென்றே பிறந்ததாகக் கருதப்பட்டது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், தோட்டங்களில் மலேரியாவுக்குக் கூட்டங்கூட்டமாகச் செத்தது அந்த உடம்புதான். ஓய்வு தேவைப்படும் உடம்பு, தேவைப்படாத உடம்பு என்று மனிதரைப் பிரித்ததில்தான் அநீதி தொடங்குகிறது.

மரணத்திலும் அந்தப் பிரிவினை உண்டு. 1951 அக்டோபர் 6 அன்று இந்த மலைக்கு வரும் வழியில்தான் பிரிட்டிஷ் ஆணையர் ஹென்றி கர்னி சுட்டுக் கொல்லப்பட்டார். பினாங்கு கடற்கரைச் சாலைக்கு அவர் பெயர் உண்டு. 1948 டிசம்பரில், இதே உலு சிலாங்கூரின் பத்தாங் காலியில், ஆயுதமில்லாத 24 சீனர்களை பிரிட்டிஷ் படையினர் சுட்டுக் கொன்றார்கள். அதற்கு விசாரணை கேட்ட வழக்கு 2015இல் லண்டன் உச்ச நீதிமன்றத்தில் தோற்றது.

இதெல்லாம் தெரிந்த பிறகும் இந்த அழகை ரசிக்கலாமா? 'பழைய கதை, டீயைக் குடி' என்பது ஒரு பதில். அது சோம்பேறித்தனம். 'கறை படிந்த இடம், கால் வைக்காதே' என்பது இன்னொன்று. ரொம்ப நாள் நான் அந்தக் கட்சி. ஆனால் அம்மா தண்ணீரில் கால் வைத்துச் சிரித்ததைப் பார்த்ததும் தடுமாறிவிட்டேன். அன்று துரைமார் அவருக்குத் தராத மலையை, இன்று என் மனசாட்சியும் மறுத்தால் யாருக்கு லாபம்? சரித்திரத்தின் கடனை அம்மாவின் ஒருநாள் ஓய்விலிருந்து கழிக்க எனக்கு என்ன உரிமை இருக்கிறது?

குடித்து முடித்ததும் அம்மா பழக்கதோஷத்தில் கோப்பைகளை அடுக்கினார். எடுக்க வந்த பங்களாதேஷ் பையனிடம், "சூடா மாக்கான்?" என்றார். மணி மூன்றாகியிருந்தது.

"பெலும், மக்சிக்" என்று சிரித்துவிட்டுப் போனான்.

இறங்கும்போது, கேப் வருவதற்குள் அம்மா தூங்கிவிட்டார். அந்தப் பையன் எந்த ஞாயிற்றுக்கிழமை ஜெரியாவுக்குப் போவான் என்று யோசித்துக்கொண்டே காரை ஓட்டினேன்.