இறந்தோர் கேட்கும் கடன்: ஜான் மெக்ரேயின் வாழ்வும் கவிதையும்

உயிரோடிருப்பவர்கள் இறந்தவர்களுக்குப் பட்டிருக்கும் கடன் எத்தகையது என்பதும், அந்தக் கடனின் பேரால் மேலும் சில உயிர்களைக் கேட்க இறந்தவர்களுக்கு உரிமை உண்டா என்பதும் மெய்யியலில் பழைய வினாக்கள். இறப்பு வந்தபின் மனிதன் இருப்பதில்லை, ஆகவே இறந்தவருக்கு நன்மையும் இல்லை, தீமையும் இல்லை என்று கிரேக்கச் சிந்தனையாளர் எபிகூரஸ் வாதிட்டார். அவருக்கு முன்பே அரிஸ்டாட்டில், பிள்ளைகளுக்கும் நண்பர்களுக்கும் நேரும் ஏற்றத்தாழ்வுகள் இறந்தவரைச் சிறிதேனும் தொடுமா என்று தம் அறவியல் நூலில் கேட்டு, தொடக்கூடும், ஆனால் மிக மெல்லியதாகவே தொடும் என்று தயக்கத்தோடு விடை கூறினார். 1915ஆம் ஆண்டில் பெல்ஜியப் போர்முனையில் கனடா நாட்டு இராணுவ மருத்துவர் ஜான் மெக்ரே எழுதிய பதினைந்து வரிக் கவிதையொன்று இந்த வினாவை, பிள்ளைகளைப் போருக்குக் கொடுத்த எண்ணற்ற குடும்பங்களின் முன் கொண்டுவந்து நிறுத்தியது.

மெக்ரே 1872 நவம்பர் 30 அன்று ஒண்டாரியோ மாநிலத்தின் குவெல்ஃப் நகரில், ஸ்காட்லாந்து வழிவந்த குடும்பத்தில் பிறந்தார். குடும்பத்தின் சமய மரபு பிரெஸ்பிட்டீரியன் மரபு, அதாவது கால்வினின் சீர்திருத்தக் கொள்கையை ஏற்று, பேராயர்கள் இன்றி மூப்பர்களால் ஆளப்படும் புராட்டஸ்டண்டுத் திருச்சபையின் மரபு. தந்தை பீரங்கிப்படை அதிகாரி. மகன் 1898இல் டொராண்டோ பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் பெற்றபோதிலும், தென்னாப்பிரிக்கப் போயர் போருக்குச் சென்றது மருத்துவராக அல்ல, பீரங்கிப்படை அதிகாரியாகத்தான். திரும்பி வந்தபின் மான்ட்ரியலில் நோய்க்குறியியலில், அதாவது உடலின் உறுப்புகளிலும் திசுக்களிலும் நோய் உண்டாக்கும் மாற்றங்களை ஆராயும் துறையில் பணியாற்றி, ஆடமி என்ற பேராசிரியரோடு சேர்ந்து அத்துறைக்கு 1912இல் ஒரு பாடநூலும் எழுதினார். 1914இல் உலகப்போர் மூண்டபோது அவருக்கு வயது 41. கனடாப் பீரங்கிப்படைப் பிரிவொன்றின் மருத்துவராக அவர் மீண்டும் படையில் சேர்ந்தார். சுடுவோரோடு நிற்கும் மனமும் காயத்துக்குக் கட்டுப்போடும் கையும் ஒரே மனிதரிடம் இருந்தன என்பதைப் புரிந்துகொள்ளாமல் அவருடைய கவிதையைப் புரிந்துகொள்ள இயலாது.

1915 ஏப்ரல் 22 அன்று பெல்ஜியத்தின் ஈப்ர் நகருக்கு அருகே ஜெர்மானியப் படை குளோரின் வாயுவைப் பெருமளவில் திறந்துவிட்டது. காற்றோடு வந்த அந்த வாயு நுரையீரலைப் புண்ணாக்கி நீரால் நிரப்பியது. நெஞ்சுக்குள்ளேயே நீர் கோத்து மூச்சுத் திணறி வீரர்கள் இறந்தனர். பிரெஞ்சுப் படைகள் நிலைகுலைந்த இடைவெளியைக் கனடாப் படையினர் தாங்கிப் பிடித்தனர். ஏப்ரல் 26இல் இந்தியப் படையின் லாகூர் டிவிஷனும் இதே போரில் இறக்கப்பட்டுப் பேரிழப்பைச் சந்தித்தது. ஈப்ருக்கு வடக்கே கால்வாய்க் கரையைக் குடைந்து அமைத்த பதுங்குகுழியில் மெக்ரே 17 நாள்கள் காயமுற்றோரைக் கவனித்தார். மே 2 அன்று அவருடைய நண்பரும் இளம் அதிகாரியுமான அலெக்சிஸ் ஹெல்மர் குண்டு விழுந்து சிதறிப்போனார். அடக்கம் செய்ய மதகுரு கிடைக்காத நிலையில், இங்கிலாந்துத் திருச்சபையின் நல்லடக்க வழிபாட்டை மெக்ரேயே நினைவிலிருந்து ஓதினார். அதற்கு மறுநாள் எழுதப்பட்டதாகக் கருதப்படும் 'ஃபிளாண்டர்ஸ் வயல்களில்' என்ற அக்கவிதை, 1915 டிசம்பர் 8 அன்று லண்டனின் 'பஞ்ச்' இதழில் ஆசிரியர் பெயரின்றி வெளிவந்தது.

அக்கவிதையில் பேசுவோர் இறந்தவர்கள். சிலுவை வரிசைகளுக்கிடையே பூத்திருக்கும் பாப்பி மலர்களையும், பீரங்கி ஓசைக்கு மேலே பாடும் வானம்பாடிகளையும் சொல்லி, சில நாள்களுக்கு முன்புவரை தாங்கள் வாழ்ந்ததையும் அன்பு செய்ததையும் நினைவூட்டி, இறுதியில் தங்கள் போரைத் தொடரும்படி உயிரோடிருப்போரிடம் ஒப்படைக்கிறார்கள். நம்பிக்கை பொய்த்தால் தங்களுக்குத் துயில் இல்லை என்றும் எச்சரிக்கிறார்கள். சமய நோக்கில் இந்த எச்சரிக்கை வியப்புக்குரியது. கத்தோலிக்கர் நம்பும் உத்தரிக்கும் ஸ்தலத்தை, அதாவது விண்ணகம் செல்லுமுன் ஆன்மாக்கள் தூய்மை பெறும் நிலையை, சீர்திருத்தத் திருச்சபைகள் மறுத்தன. பிரெஸ்பிட்டீரியன் மரபின் அடிப்படை ஆவணமாகிய 17ஆம் நூற்றாண்டின் வெஸ்ட்மின்ஸ்டர் விசுவாச அறிக்கை இறந்தோருக்காக மன்றாடுவதையே விலக்குகிறது. இறந்தவர் இறைவனின் கையில் இருக்கிறார், உயிரோடிருப்போர் அவருக்குச் செய்யக்கூடியது எதுவுமில்லை என்பதுதான் மெக்ரே வளர்ந்த சமயத்தின் போதனை. அப்படியிருக்க, மனிதரின் செயலைப் பொறுத்துத் துயில் கலையும் இந்த இறந்தோர் யார்? திருச்சபை அடைத்துவைத்த கதவைத் துயரம் மீண்டும் திறந்துவிட்டது என்றே கொள்ள வேண்டும். இங்கிலாந்துத் திருச்சபையிலும் நெடுங்காலம் ஒதுக்கப்பட்டிருந்த இறந்தோர் மன்றாட்டு அந்தப் போர் ஆண்டுகளில்தான் பரவலாகத் திரும்பி வந்தது. பிள்ளையை இழந்த தாயிடம் இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று எந்தச் சமயமும் நெடுநாள் சொல்லிக்கொண்டிருக்க முடியாது.

ஆனால் கவிதை காட்டும் நீத்தார் கடன் மன்றாட்டு அன்று, போர். இங்கேதான் வினா கூர்மை பெறுகிறது. விழுந்தவர்களின் சாவு வீணாகக்கூடாது, ஆகவே நிறுத்தக்கூடாது என்ற வாதம் எல்லாப் போர்களிலும் இருதரப்பாரும் சொல்வது. அதை ஏற்றால், நேற்று இறந்தவர் இன்றைய சாவுக்குக் காரணமாவார், இன்று இறப்பவர் நாளைய சாவுக்குக் காரணமாவார். போர் தன் இரையையே தன் நியாயமாக்கிக்கொள்ளும். ஒரு போர் நியாயமானதாயின், ஜெர்மானியப் படையால் ஆக்கிரமிக்கப்பட்ட பெல்ஜியத்தின் துயரம் போன்ற காரணங்கள்தாம் அதை நியாயமாக்க முடியும்; அதில் எத்தனை பேர் இறந்தார்கள் என்பது ஒருபோதும் ஆக்காது. 1917இல் கனடா அரசின் போர்க்கடன் பத்திர விளம்பரங்களும், கட்டாய இராணுவச் சேவையை முன்வைத்து நடந்த தேர்தலின் பரப்புரையும் இக்கவிதையைப் பயன்படுத்தின. அதைக் கவிஞரின் எண்ணத்தைத் திரித்த செயல் என்று சொல்லவும் இடமில்லை, ஏனெனில் மெக்ரேயும் கட்டாயச் சேவையை ஆதரித்தவரே. இறுதிப் பகுதி ஆட்சேர்ப்புச் சுவரொட்டியின் குரலுக்கு இறங்கிவிட்டது என்று அமெரிக்கத் திறனாய்வாளர் பால் ஃபஸல் 1975இல் கடிந்துரைத்தது கடுமையாயினும் தவறன்று.

எனினும் மெக்ரேயின் விடை கவிதையோடு முடிந்துவிடவில்லை. 1915 ஜூனில், மனமில்லாமலே பீரங்கிப்படையை விட்டுப் பிரிந்து, பிரான்ஸ் நாட்டுக் கடற்கரையில் மெக்கில் பல்கலைக்கழகம் அமைத்த இராணுவ மருத்துவமனையில் மருத்துவப் பிரிவுக்குத் தலைமை ஏற்றார். முதலில் கூடாரங்களிலும் பின்னர் பூலோன் நகரில் பாழடைந்த இயேசு சபைக் கல்லூரியிலும் இயங்கிய அம்மருத்துவமனைக்கு சோம், விமி, பாஷென்டேல் களங்களிலிருந்து காயமுற்றோர் வந்தவண்ணம் இருந்தனர். காயம்பட்ட வீரரை எந்த நாட்டவர் என்று பாராமல் கவனிக்க வேண்டும் என்று 1906ஆம் ஆண்டின் ஜெனீவா உடன்படிக்கை கட்டளையிட்டிருந்தது. போர்க்கால மருத்துவர் பணிக்கு அதுவே சட்டம். முன்னணி வீரர்கள் குளிரில் கிடக்கையில் தமக்கு மட்டும் நல்ல அறை எதற்கு என்று, ஆஸ்துமா நோயாளியான மெக்ரே குளிர்காலத்திலும் கூடாரத்திலேயே தங்கினார். 1918 ஜனவரி 28 அன்று நுரையீரல் அழற்சியாலும் மூளையுறை அழற்சியாலும் இறந்து, விமெரோ கல்லறையில் அடக்கம் செய்யப்பட்டார். இறந்தோரின் குரலில் அவர் எழுதியது பதினைந்து வரி. சாகக் கிடந்தோரின் கட்டிலருகே அவர் கழித்தது இரண்டரை ஆண்டுகள். நீத்தார் கடனை அறிய விரும்புவோர் இரண்டையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

அவருக்குப் பின் வந்தவர்களும் கவிதையை மெல்ல வேறு பக்கம் திருப்பினார்கள். கசகசாவுக்கு உறவான அந்தச் சிவப்புப் பாப்பியின் விதை மண்ணுக்குள் பல ஆண்டுகள் உறங்கிக் கிடந்து, நிலம் கிளறப்படும்போது முளைப்பது. குண்டுகளும் புதைகுழிகளும் கிளறிய மண்ணில் அது அவ்வளவு அடர்ந்து பூத்ததற்கு அதுவே காரணம். 1918 நவம்பரில் கவிதையைப் படித்த அமெரிக்க ஆசிரியை மொய்னா மைக்கேல் இறந்தோர் நினைவாகப் பாப்பியை எப்போதும் அணிவதென்று உறுதி பூண்டார்; பிரான்ஸ் நாட்டு அன்னா கெரின் துணிப் பாப்பிகளை விற்று, போரால் பாழான பகுதிகளின் குழந்தைகளுக்குப் பொருள் திரட்டினார்; 1921இல் கனடாவும் பிரிட்டனும் அவ்வழக்கத்தை ஏற்றன. போரைத் தொடரச் சொன்ன கவிதையின் மலரே போரில் ஊனமுற்றோருக்கும் ஆதரவற்றோருக்கும் சோறாயிற்று. இறந்தோருக்குச் செய்யத்தக்க கடன் என்று உறுதியாகச் சொல்லத் தகுவது இதுதான். 1922இல் ஜார்ஜ் ஹவ்சன் லண்டனில் தொடங்கிய பாப்பித் தொழிற்சாலையில் அம்மலர்களைச் செய்தவர்கள் அதே போரில் உடல் ஊனமுற்றுத் திரும்பிய வீரர்களே.