மேட்டு மனையும் பள்ளத்து வீடும்

2024ஆம் ஆண்டு நவம்பர் 30ஆம் நாள் இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது ஃபெஞ்சல் புயல். கடலிலிருந்து வெகு தொலைவில் வாழும் எங்களை அது எட்டாது என்றே எண்ணியிருந்தோம். எட்டியது. ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. ஏற்காட்டு மலைப்பாதையில் மண் சரிந்தது. சேர்வராயன் மலையிலிருந்து இறங்கிய நீர் திருமணிமுத்தாற்றில் பெருகிச் சேலத்தின் தாழ்ந்த தெருக்களுக்குள் புகுந்தது.

சேலம் ஒரு தாம்பாளம் போன்ற ஊர். வடக்கே சேர்வராயனும் நகரமலையும், தெற்கே ஜருகுமலையும், மேற்கே கஞ்சமலையும், கிழக்கே கோதுமலையும் விளிம்பாக நிற்க, நடுவே மக்கள் வாழ்கிறோம். மலைநீர் ஓடைவழி இறங்கி, ஏரிக்கு ஏரி நிரம்பி வழிந்து, திருமணிமுத்தாற்றோடு நாமக்கல் சமவெளியைக் கடந்து, நன்செய் இடையாறு அருகே காவிரியை அடையும். இங்கே ஒவ்வொரு வீடும் யாரோ ஒருவருக்கு மேட்டு வீடு, வேறு யாரோ ஒருவருக்குப் பள்ளத்து வீடு. இதை நான் குருமடத்தில் கற்கவில்லை. அந்த மழைக்குப் பின் என் பங்கைச் சேர்ந்த ஒரு விதவைத் தாயின் வீட்டுக்குள் முழங்கால் அளவு சேற்றில் நின்றபோது கற்றேன்.

அவருடைய வீட்டை ஒட்டிய மனைக்காரரும் எம் பங்கினரே. பணி ஓய்வுத் தொகையோடு வங்கிக் கடனும் சேர்த்து, பழைய ஓட்டு வீட்டை இடித்து, மனையை மூன்றடி மேடாக்கிப் புது வீடு கட்டியிருந்தார். அந்தத் தாய் அவரைத் திட்டவில்லை. “அவங்க வீடு ஒசந்ததுல எனக்கு வருத்தமில்லீங்க சாமி. எங்க வீடு எப்ப எறங்குச்சுன்னுதான் தெரியல” என்றார். ஐம்பது ஆண்டுகளாக அசையாமல் நின்ற வீடு அது.

மனைக்காரரிடமும் பேசினேன். “ரோடு ஒசந்துபோச்சுங்க சாமி. நான் ஒசத்தலைன்னா சாக்கடைத் தண்ணி எங்க வீட்டுக்குள்ள வரும். யாரையும் கெடுக்கணும்னு நெனைச்சுச் செய்யலீங்க.” இதுவும் உண்மையே. இவ்விரு உண்மைகளுக்கும் இடையில்தான் என் மனச்சான்று சில வாரங்கள் அலைந்தது.

முதலில் கணக்கைப் பார்ப்போம். அறநெறி பேசுவோர் பெரும்பாலும் கணக்கைத் தவிர்த்துவிடுகிறோம். முப்பதுக்கு நாற்பது மனை என்பது 1200 சதுர அடி. அதை மூன்றடி உயர்த்த 3600 கன அடி கிராவல் மண், அதாவது 36 யூனிட் வேண்டும். முன்பு பெருமழையில் அம்மனையில் ஓரடி நீர் தேங்கியது என்று வைத்துக்கொள்வோம். அது 1200 கன அடி, ஏறத்தாழ 34,000 லிட்டர். மண்ணைக் கொட்டியதால் அந்த நீர் மறைந்துவிடாது. வடிய வழியற்ற பள்ளமாயின், அதே அளவுள்ள இரு மனைகளில் அது பரவி, ஒவ்வொன்றிலும் அரையடி நீரைக் கூட்டும். மேலும், 10 சென்டிமீட்டர் மழை பெய்தால் அந்த மனையின் மேல் மட்டும் 11,000 லிட்டர் விழுகிறது. மண்தரை அதில் ஒரு பங்கைக் குடித்தது. இன்று சிமெண்டுத் தளம் ஏறக்குறைய முழுவதையும் வெளியே தள்ளுகிறது.

இரட்டை விளைவு நெறி என்று ஒன்றை அறநெறி இறையியலில் படித்தோம். தற்காப்பைப் பற்றிப் புனித தாமஸ் அக்குவினாஸ் எழுதியதிலிருந்து பின்வந்த அறிஞர்கள் அதனை விரித்தார்கள். ஒரே செயலுக்கு நல்ல விளைவும் தீய விளைவும் இருக்கக்கூடும். செயல் தன்னளவில் தீயதாக இல்லாமல், நோக்கம் நல்லதாக இருந்து, தீமையை வழியாகக் கொண்டு நன்மை பெறப்படாமல், தகுந்த காரணமும் இருக்குமாயின் செய்பவர்மீது குற்றமில்லை. மனைக்காரரின் நிலை இதற்குப் பொருந்துவதுபோல் தோன்றுகிறது. வீட்டைக் காப்பது நல்ல நோக்கம். அயலார் வீட்டில் நீர் புகுவதை அவர் கருதவில்லை.

ஆனால் எத்தனை மழைக்கு இந்தச் சமாதானம் செல்லும்? முதல் மழையில் ‘நான் கருதவில்லை’ என்பது முழு உண்மை. அடுத்த மழைக்குள் அவர் தம் சன்னலிலிருந்து பார்த்துவிட்டார். பார்த்த பிறகும் தம் மனை ஓரத்தில் ஒரு கால்வாய் வெட்டாதிருந்தால், கருதாமையின் நிறம் மாறத் தொடங்குகிறது. தகுந்த காரணம் என்னும் நிபந்தனை எஞ்சிய தீங்கைக் குறைக்கும் கடமையையும் உள்ளடக்கியது என்பதை நாங்கள் தேர்வுக்காக மனப்பாடம் செய்தபோது கவனித்ததாக நினைவில்லை.

இவ்வழக்கு மிகப் பழையது. கி.மு. ஐந்தாம் நூற்றாண்டின் உரோமைப் பன்னிரு பலகைச் சட்டத்திலேயே மழைநீரைப் பற்றிய வழக்குக்கு இடமிருந்தது. பின்வந்த உரோமைச் சட்ட அறிஞர்கள் வயல்களை வைத்து அதைத் தெளிவாக்கினார்கள்: மேட்டு நிலத்திலிருந்து இயல்பாக வரும் நீரைப் பள்ளத்து நிலம் ஏற்க வேண்டும், மனிதக் கைவேலையால் நீரின் போக்கு மாறித் தீங்கு விளையுமாயின் வழக்குத் தொடரலாம். 1804ஆம் ஆண்டின் பிரெஞ்சு உரிமையியல் சட்டம் இதையே விதியாக்கி, மேட்டுக்காரர் பள்ளத்துக்காரரின் சுமையைக் கூட்டலாகாது என்றது. நம் நாட்டின் 1882ஆம் ஆண்டு வசதியுரிமைச் சட்டமும் மேட்டு நிலத்து நீர் கீழ்நிலத்துக்கு இயல்பாக ஓடும் உரிமையைச் சொல்கிறது. ‘இயல்பாக’ என்ற அந்த ஒரு சொல்லில்தான் வழக்கே அடங்கியிருக்கிறது. மேட்டில் பிறந்தது ஒருவருடைய குற்றமன்று. மேடாக்கியது வேறு.

ஔவை ஒரு மன்னனை வாழ்த்தும்போது வயல்வரப்பின் உயரத்தை வாழ்த்தியதாக ஒரு கதை உண்டு. நாம் உயர்த்தும் மேட்டுக்கும் அவள் கேட்ட உயரத்துக்கும் உள்ள வேறுபாட்டை எண்ணிப் பார்த்தேன். வரப்பு உயர்ந்தால் நீர் நமக்குள்ளே நிற்கும். மனை உயர்ந்தால் நீர் பிறரிடம் போகும்.

மனைக்காரர்மீது மட்டும் பாரத்தை ஏற்றுவதும் நீதியன்று. தார்ச்சாலையைச் சுரண்டாமல் பழையதன்மேல் புதியதைப் போட்டுப் போட்டு, தெருவே வீடுகளுக்கு மேல் ஏறிவிட்டது. பழைய தளத்தைச் சுரண்டி எடுத்த பின்னரே புதுச்சாலை போட வேண்டும் என்று 2021ஆம் ஆண்டு தமிழகத் தலைமைச் செயலாளராக இருந்த வெ. இறையன்பு அறிவுறுத்தினார். ஆயினும் அதற்கு முன்பே உயர்ந்த தெருக்கள் உயர்ந்தவைதாம். தெரு உயர, வசதியுள்ளவர் உயர்த்துகிறார். அவரைப் பார்த்து அடுத்தவர் உயர்த்துகிறார். சிலர் ஜாக்கிகளை வைத்து வீட்டையே தூக்குகிறார்கள். உயர்த்தப் பணமில்லாத ஒரே ஒரு வீடு இறுதியில் தெருவின் குளமாகிறது. வரிசையில் தீயவர் என்று ஒருவரும் இல்லை, பயந்தவர்களே இருக்கிறார்கள்.

தம் வீடு நனையட்டும் என்று ஒருவர் தாழ்ந்தே இருக்கக் கடமைப்பட்டவரா? இல்லை என்றே நான் கருதுகிறேன். உயரலாம், ஆனால் தாம் இடம்பெயர்த்த நீருக்கும் அவரே பொறுப்பு. மனையின் சரிவை அயலார் சுவரை நோக்கி அல்லாமல் தெரு வடிகாலை நோக்கி அமைப்பது, எல்லையோரம் கால்வாய்க்கு இரண்டடி விடுவது, 2003ஆம் ஆண்டிலேயே கட்டாயமாக்கப்பட்ட மழைநீர்த் தொட்டியைப் பெயருக்கு அல்லாமல் உண்மையாகவே தோண்டுவது ஆகியவை கட்டுமானச் செலவின் பகுதியே. மீந்தால் செய்யும் உதவி அன்று. விடுதலைப் பயண நூலில், குழி வெட்டியவர் அதை மூடாமல் விட்டு, அயலாரின் மாடு விழுந்தால் ஈடு செய்ய வேண்டும் என்னும் சட்டம் இருக்கிறது. ஏன் வெட்டினாய் என்று அச்சட்டம் கேட்கவில்லை.

இவற்றையெல்லாம் நான் மனைக்காரரிடம் ஓரளவு கண்டிப்போடுதான் சொல்லிக்கொண்டிருந்தேன். அப்போது அந்தத் தாய் தயங்கித் தயங்கிச் சொன்னார்: “சாமி, கோயில் செவுத்துல முன்னெல்லாம் ஒரு கண்ணு இருந்துச்சுங்க. அது வழியாத்தான் தெருத் தண்ணி ஓடைக்குப் போகும்.”

நான் இப்பங்குக்கு வந்த மறு ஆண்டில் கெபிக்கு முன்னால் மக்கள் அமர இடம் வேண்டும் என்று வளாகத்தை இரண்டடி மேடாக்கினோம். மதிலையும் புதிதாகக் கட்டினோம். வரைபடத்தில் கையெழுத்திட்டவன் நானே. பழைய மதிலில் ஒரு திறப்பு இருந்ததை நான் கேட்கவில்லை, யாரும் சொல்லவுமில்லை. திருவிழாவில் புதுத் தரையைப் பாராட்டியவர்களின் வரிசையில் அந்தத் தாயும் நின்றிருக்கக்கூடும்.

மறுநாள் கொத்தனார் நீர் நிரப்பிய மட்டக் குழாயைப் பிடித்து அளந்தார். வளாகத்தின் கீழ் ஓடைவரை குழாய் பதித்து, மதிலின் அடியில் மீண்டும் ஒரு கண் திறந்தோம். மனைக்காரர் தம் எல்லையில் கால்வாய் வெட்டி அதோடு இணைத்துக்கொண்டார். பாதிக் கூலியையும் அவரே கேளாமல் கொடுத்தார். ஓடைக்கு அப்பால் இருப்போர் நிலையை அறிய நானும் கொத்தனாரும் அடுத்த தெருவரை நடந்து பார்த்தோம். அங்கே கரை ஓரிடத்தில் உடைந்திருந்தது. அதையும் செலவில் சேர்த்தோம்.

மாத இறுதியில் பங்குப் பேரவைக் கணக்கர் கொண்டுவந்த ஏட்டில் இத்தொகை ‘பிறரன்புச் செலவு’ என்னும் தலைப்பில் இருந்தது. அதை அடித்துவிட்டு ‘மதில் பிழை திருத்தம்’ என்று எழுதச் சொன்னேன். அவர் என்னை ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டு எழுதினார்.