ஒப்புக்குச் சப்பாணி

சடுகுடுவுக்கோ கிட்டிப்புள்ளுக்கோ ஆள் பிரிக்கும்போது ‘உத்தி பிரிப்பது’ என்று ஒரு வழக்கம் தமிழ்நாட்டுக் கிராமங்களில் உண்டு. இரண்டு தலைவர்கள் ஓரிடத்தில் நிற்பார்கள். மற்றவர்கள் ஏறக்குறையச் சம பலமுள்ள இருவர் இருவராகத் தள்ளிப்போய், ஆளுக்கொரு ரகசியப் பெயர் வைத்துக்கொண்டு, தோளில் கைபோட்டபடி திரும்புவார்கள். சூரியன் வேண்டுமா, சந்திரன் வேண்டுமா என்று கேட்பார்கள். தலைவர் பெயரைத்தான் கேட்டு வாங்குகிறார், ஆளை அல்ல. முதலில் யார், அடுத்து யார் என்ற வரிசையே அங்கே உண்டாவதில்லை. எல்லோரும் போனபின் மிச்சமாக நின்று, ‘சரி, நீயும் வந்து தொலை’ என்று கேட்க வேண்டிய நிலை எந்தப் பிள்ளைக்கும் வராது. பள்ளிக்கூடத்து விளையாட்டு வகுப்பில் தலைவர்கள் விரல் நீட்டி ஆள் எடுப்பதைப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை புரியும்.

அதே மைதானத்தில் இன்னொரு வழக்கமும் உண்டு. அண்ணனோடு ஒட்டிக்கொண்டு வந்த சின்னப் பிள்ளையைத் துரத்தவும் முடியாது, ஆட்டத்தில் சேர்க்கவும் முடியாது. அதற்காகக் கண்டுபிடித்த இடம்தான் ‘ஒப்புக்குச் சப்பாணி’. (கால் முடியாதவரைக் குறிக்கும் சொல்லை இதற்கு எடுத்ததில் இருக்கும் கொடுமை தனிக்கதை.) சப்பாணி ஓடலாம், கத்தலாம், யாரை வேண்டுமானாலும் தொடலாம். ஆனால் அவன் தொட்டால் யாரும் அவுட் இல்லை. அவனைத் தொட்டாலும் அவுட் இல்லை. ஆட்டம் அவனைச் சுற்றி நடக்கும். அவனால் எதுவும் மாறாது.

ஐந்து வயதுப் பிள்ளைக்கு இது கருணை. வளர்ந்தவர்களின் கூட்டங்களில் இதே ஏற்பாடு வேறு பெயர்களில் நடக்கும்போது அது என்ன? ஒருவரைச் சேர்த்துக்கொள்வதோடு குழுவின் கடமை முடிகிறதா, அவரைக் கணக்கில் எடுப்பதும் அதன் கடமையா?

இன்றைய அலுவலகக் கூட்டங்களில் யாரையும் வெளியே நிறுத்துவதில்லை. அழைப்பு எல்லோருக்கும் போகிறது, நாற்காலியும் டீயும் கிடைக்கின்றன. எல்லோரும் நோட்டை மூடி எழும் நேரத்தில், ‘வேற யாராவது ஏதாவது சொல்லணுமா?’ என்ற கேள்வியும் வருகிறது. மூலையில் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தவர் ஏதாவது சொன்னால், ‘நல்ல பாயிண்ட்’ என்பார்கள். அதற்குமேல் ஒன்றும் நடக்காது. அவர் சொன்னதை யாரும் மறுப்பதுகூட இல்லை. மறுப்பதற்கு முதலில் அதைக் காதில் வாங்கியிருக்க வேண்டும்.

பேச வாய்ப்புக் கொடுப்பது வேறு, பேச்சைக் கணக்கில் எடுப்பது வேறு என்பதற்கு மிகக் கொடிய சான்று டெனரீஃப் தீவில் இருக்கிறது. 1977 மார்ச் 27 அன்று மூடுபனி சூழ்ந்த ஓடுபாதையில் கே.எல்.எம். விமானம் புறப்பட ஓடத் தொடங்கிவிட்டது. அதே பாதையில் பான் ஆம் விமானம் இன்னும் விலகாமல் இருந்தது. கே.எல்.எம். விமானத்தின் பொறியாளருக்கு ரேடியோப் பேச்சைக் கேட்டுச் சந்தேகம் வந்தது. அந்த விமானம் விலகிவிட்டதா என்று அவர் வாய்விட்டே கேட்டார். விலகிவிட்டது என்று கேப்டன் அழுத்தமாகச் சொன்னார். கேப்டன் அந்த நிறுவனத்தில் விமானிகளுக்கே பயிற்சி கொடுத்த பெரிய மனிதர். அவருக்குமேல் மறு பேச்சு எழவில்லை. சில நொடிகளில் இரண்டு விமானங்களும் மோதி 583 பேர் இறந்தார்கள். பொறியாளர் ஊமையாக உட்கார்ந்திருக்கவில்லை. கேள்வி கேட்டார், பதிலும் கிடைத்தது. ஓட்டம் மட்டும் நிற்கவில்லை.

அறுவை சிகிச்சை அரங்குகள் இந்தப் பாடத்தைப் பிறகு கற்றன. உலக சுகாதார நிறுவனம் 2008இல் வெளியிட்ட அறுவை சிகிச்சைப் பாதுகாப்புப் பட்டியலில் 19 அம்சங்கள் உள்ளன. தோலைக் கீறுமுன் அரங்கில் இருக்கும் ஒவ்வொருவரும் தம் பெயரையும் வேலையையும் சொல்ல வேண்டும் என்பது அவற்றில் ஒன்று. வருடக்கணக்கில் ஒரே அரங்கில் நின்றும் நர்ஸின் பெயர் தெரியாத சர்ஜன்கள் இருக்கும் உலகத்தில் இது சின்ன வேலை இல்லை. தன் பெயரை ஒருமுறை உரக்கச் சொன்னவருக்கு, ‘சார், பஞ்சு ஒண்ணு குறையுது’ என்று இரண்டாம் முறை வாய் திறப்பது அவ்வளவு கடினமாக இருக்காது. புதுடெல்லி உட்பட எட்டு நகரங்களின் மருத்துவமனைகளில் பட்டியலைச் சோதித்து 2009இல் வெளியான ஆய்வில், இறப்பு 100க்கு 1.5இலிருந்து 0.8ஆகவும், சிக்கல்கள் 11இலிருந்து 7ஆகவும் குறைந்திருந்தன. அத்தனையும் பெயர் சொன்னதால் வந்ததல்ல. மற்ற அம்சங்களுக்கும் பங்கு உண்டு.

நிர்வாகப் பயிற்சி நடத்துபவர்கள் இந்த இடத்தில் கைதட்டி முடித்துவிடுவார்கள். கவனிக்கப்படாதவரைக் கவனியுங்கள், உங்களுக்கு லாபம் என்பார்கள். ஆனால் இந்த வாதத்தை அறம் என்று ஏற்கத் தயக்கமாக இருக்கிறது. விமானத்தைக் காப்பாற்றக்கூடியவர் என்பதால்தான் ஒருவருக்குக் காது கொடுக்கிறோம் என்றால், எதையும் காப்பாற்றாதவரை என்ன செய்வது? பத்துக் கூட்டங்களில் சாதாரணமான யோசனைகளையே சொன்னவரைப் பதினோராவது கூட்டத்தில் மறுபடி மூலைக்கு அனுப்பிவிடலாமா? லாபக் கணக்கு அனுப்பலாம் என்றுதான் சொல்லும்.

ஊராட்சி மன்றத்தை எடுத்துக்கொண்டால் இது இன்னும் தெளிவாகும். 1992இன் 73ஆவது அரசியல் சட்டத் திருத்தம் ஊராட்சி இடங்களில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் பெண்களுக்கு ஒதுக்கியது. தமிழ்நாடு அதை 2016இல் பாதியாக உயர்த்தியது. பட்டியலினத்தவருக்கும் தனி இடங்கள் உண்டு. இவர்கள் வந்தால் தெருவிளக்கு கூடுதலாக எரியும் என்பதற்காக அந்த இடங்கள் தரப்படவில்லை. ஊர் அவர்களுடையதும் என்பதற்காகத் தரப்பட்டன. இருந்தும் மனைவி கையெழுத்துப் போட, கணவர் கூட்டம் நடத்துவதை எல்லா மாவட்டங்களும் அறியும். 2020இல் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில் பட்டியலினப் பெண் தலைவர் கூட்டத்தில் தரையிலும் மற்றவர்கள் நாற்காலியிலும் அமர்ந்திருந்த படம் வெளியாகி, நாடே பார்த்தது. சட்டம் ஆட்டத்தில் சேர்த்தவரை ஊர் சப்பாணியாக்கியது.

எதிர்ப்பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. பேச விரும்பாதவர்கள் உண்டு. அவர்களை எழுப்பி நிறுத்தி, ‘நீங்க சொல்லுங்க’ என்று எல்லோர் பார்வையையும் அவர்கள்மேல் திருப்புவது மரியாதை போல் தோன்றும் வதை. ரத்தம் பீறிடும் நேரத்தில் ஒவ்வொருவர் கருத்தையும் கேட்டுக்கொண்டிருக்கவும் முடியாது. தெருக் கிரிக்கெட்டில் எப்போதும் சாக்கடையில் விழுந்த பந்தை எடுப்பவனுக்குக் கடைசி ஓவரில் மட்டையைக் கொடுத்தால், தோற்பது மற்ற பத்துப் பேரும்தான். இவற்றில் கடைசி வாதம்தான் பலமானது. அதற்குப் பதில், அவனுக்கு மட்டை கொடுப்பது கடைசி ஓவரில்தான் முதன்முதலாக நினைவுக்கு வந்ததா என்பதே. முதல் ஓவரிலிருந்து பந்து பொறுக்கவே வைத்துவிட்டு, அவனுக்கு ஆடத் தெரியாது என்று முடிவில் சொல்வது நேர்மையான தீர்ப்பு ஆகாது.

பேசாதவரை வதைக்காமல் விசாரிக்கும் முறை நம் பந்திகளில் இருக்கிறது. நல்ல வீட்டுக்காரர் பந்தி விசாரிக்கும்போது, ‘யாருக்கு என்ன வேணும்?’ என்று பொதுவாகக் கூவிவிட்டுப் போகமாட்டார். இலையைப் பார்த்துக்கொண்டே நடப்பார். எந்த இலையில் சாதம் காய்கிறதோ, அங்கே ரசத்தைக் கூப்பிடுவார். வேண்டாம் என்பவர் கையை இலைமேல் காட்டினால் போதும், காரணம் கேட்கமாட்டார். ஒருவருக்குப் பார்த்துப் பார்த்தும் இன்னொருவருக்குப் பாராமுகமாகவும் பரிமாறுவதற்குப் பந்தி வஞ்சனை என்று பெயரே வைத்திருக்கிறது தமிழ். ஆளைப் பார்த்துப் பந்தியையே பிரித்த ஊரும் இதுதான் என்பதை மறக்க வேண்டாம். குற்றத்துக்குப் பெயர் இருந்ததால் கேட்கவாவது வழி இருந்தது. கூட்டத்தில் நடக்கும் வஞ்சனைக்கு இன்னும் பெயர் இல்லை. குற்றமென்று சொன்னால், ‘உங்களை யார் பேச வேண்டாம்னு சொன்னது?’ என்ற பதில் தயாராக இருக்கிறது.

கணக்கில் எடுப்பது என்றால் புகழ்வது இல்லை. சொன்னதை எடைபோடுவது, தவறென்றால் தவறென்பது, ஒப்படைத்த வேலை கெட்டால் அதற்கு அவரையே பொறுப்பாக்குவது. சப்பாணிக்குக் கிடைக்காதது வெற்றி மட்டுமில்லை. அவனுக்கு அவுட் ஆகும் உரிமையும் இல்லை. அதைப் பிள்ளைகளே ஒருநாள் கண்டுபிடித்துவிடுகிறார்கள். எத்தனை முறை பிடிபட்டாலும் ஆட்டத்தில் இருக்கலாம் என்ற சலுகை திடீரென்று கசந்து, ‘எனக்கும் அவுட் சொல்லு’ என்று காலை உதைத்து அழும் மாலை ஒன்று வருகிறது. அண்ணன்கள் சிரிப்பார்கள், பிறகு அவுட் சொல்வார்கள். ஐந்தாறு வயதில் அழுது கேட்கலாம். நாற்பது வயதில், ஏசி அறையில், நோட்டும் கையுமாக உட்கார்ந்திருப்பவர் அதை எப்படிக் கேட்பார்?